கறுத்த ரூபாய், களிம்பேறிய காலணா: எதற்கு வைத்தியம், எதைத் தொடக்கூடாது

தாத்தாவின் தகர டப்பாவில் ஐந்து உருப்படிகள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கறுத்துப்போன 1919 ஜார்ஜ் ரூபாய், விளிம்பில் வெளிர்பச்சைப் பொடி பூத்த விக்டோரியா காலணா, தலைக்கு மேலே ஓட்டை போட்ட 1862 ரூபாய், முகம் தெரியாத கம்பெனி காலத்து இருபது காசு, எண் குத்திய பித்தளை எஸ்டேட் டோக்கன் (தோட்டத் தொழிலாளருக்குக் கொடுத்த வில்லை). அம்மா புளி போட்டு விளக்கச் சொல்கிறார். கடையில் காட்டியபோது வெள்ளி விலைக்கு மேல் பேச மறுத்துவிட்டார்கள். இவற்றை வைத்துக்கொள்வதில் அர்த்தம் உண்டா, சுத்தம் செய்யலாமா என்பது உங்கள் கேள்வி.

ஐந்தையும் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியம் தேவைப்படுவது காலணாவுக்கு மட்டும்தான். அதையும் இந்த வாரமே தனியாகப் பிரித்து வையுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். மற்ற நான்கையும் விளக்காமல் விட்டாலே போதும். புளிப் பாத்திரம் அவற்றின் பக்கம் வரவே வேண்டாம்.

காசின் மேல் தெரியும் குறைகள் எல்லாம் ஒரே ரகம் இல்லை. உலோகம் தானாகவே போர்த்திக்கொண்ட நிறம் ஒரு ரகம். கை மாறிய காலத்தில் விழுந்த தேய்மானம், குத்து, ஓட்டை எல்லாம் இன்னொரு ரகம். மூன்றாவது, உள்ளே இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் நோய். முதல் இரண்டும் முடிந்துபோன விஷயம், அந்தக் காசின் வரலாறே அவைதான். மூன்றாவது இன்றைக்கும் நடந்துகொண்டிருப்பது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் எல்லாவற்றையும் ‘அழுக்கு’ என்று எண்ணித் தேய்ப்பதால்தான் நம் ஊரில் நல்ல காசுகள் பாழாகின்றன.

ரூபாயிலிருந்து தொடங்கலாம். 1919 ரூபாயின் எடை 11.66 கிராம், வெள்ளி 91.7 விழுக்காடு. அதாவது சுத்த வெள்ளி மட்டும் 10.69 கிராம், மீதி செம்பு. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இந்த வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்ஃபைடு என்ற படலமாகிறது. கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கு சீக்கிரம் கறுப்பதும் இதே வாயுவால்தான். படலம் வளர வளர நிறம் மாறும். மழை ஈரத்தில் ரோட்டில் சிந்திய பெட்ரோல் வண்ணம் காட்டுவதைப் போல, படலத்தின் மேல்பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் வரும் நிறம் இது. சாயம் எதுவும் இல்லை. முதல் சுற்று நிறங்கள் தெரியும்போது படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

நிறங்கள் வரும் வரிசை முக்கியம். முதலில் வெளிர்மஞ்சள், பிறகு பொன்னிறம், செம்பழுப்பு, மெஜந்தா, ஊதா, அடர்நீலம், வெளிர்நீலம். அதற்குப்பின் இரண்டாவது சுற்றாக மறுபடி மஞ்சள், மெஜந்தா, பச்சை. கடைசியில் சாம்பல், கறுப்பு. இயற்கையாக நிறமேறிய காசில் விளிம்பிலிருந்து நடுப்பகுதி வரை இந்த வரிசை அறுபடாமல் படிப்படியாக இறங்கிவரும். விளிம்பில் நீலம், உள்ளே செம்பழுப்பு, நடுவில் மெல்லிய பொன்னிறம் என்று பார்த்தால் காற்று ஓரத்திலிருந்து உள்ளே நுழைந்திருக்கிறது என்று தெரியும். அட்டை ஹோல்டரிலோ காகித உறையிலோ பல ஆண்டு இருந்த காசுக்கு இப்படித்தான் ஏறும். எழுத்துகளை ஒட்டிய பள்ளங்களில் நிறம் சற்று மாறியிருப்பதும் இயல்பு.

உங்கள் ரூபாயை இப்படிப் பாருங்கள். அறை விளக்குகளை அணைத்துவிட்டு, உறையிட்ட வெள்ளை பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்றை மட்டும் எரியவிடுங்கள். டியூப்லைட் வேண்டாம், அதன் பரவிய ஒளி எதையும் காட்டாது. கீழே ஒரு மடித்த துண்டை விரியுங்கள், கை தவறினாலும் காசுக்கு அடிபடாது. காசை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, விளக்குக்குக் கீழே மெதுவாகச் சாய்த்துச் சுற்றுங்கள். அச்சடிக்கும்போது உலோகம் நடுவிலிருந்து வெளியே ஓடிய நுண்கோடுகள் முகத்தில் இருக்கும், ஒளி அவற்றில் பட்டு ஆரக்கால்போல் சுழலும். இதைத்தான் லஸ்டர் என்கிறோம். கறுப்புக்கு அடியில் இந்தச் சுழற்சி தெரிந்தால் அது புழக்கத்தில் அதிகம் அடிபடாத காசு, அந்தக் கறுப்பு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நேராகப் பார்த்தால் வெறும் கறுப்பாகத் தெரிவது, முப்பது டிகிரி சாய்த்ததும் மன்னரின் கன்னத்துக்குப் பக்கத்தில் ஊதாவும் விளிம்பில் மயில்நீலமுமாக விரியலாம். கடையில் டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. பின்பக்கம் கீழேயுள்ள தாமரைக்கு அடியில் ஒரு சிறு புள்ளி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பம்பாய் நாணயச்சாலையில் அடித்தது, இல்லாவிட்டால் கல்கத்தா.

எல்லாக் கறுப்பும் அழகு என்று சொல்லவில்லை. எந்தக் கோணத்திலும் நிறமோ லஸ்டரோ எழாமல் கரிபடிந்ததுபோல் தட்டையாக இருந்தால் படலம் கனத்துவிட்டது என்று பொருள். அடியிலுள்ள நுண்கோடுகளும் அதற்கு இரையாகியிருக்கும். அதைக் கரைத்து எடுத்தாலும் கிடைப்பது ஒளியில்லாத சாம்பல்வெள்ளை முகம்தான், முன்பைவிட மோசம். ஆகவே அப்போதும் தொடாமல் விடுவதே லாபம்.

வீட்டில் புழங்கும் ஒவ்வொரு முறையும் என்ன செய்கிறது என்று தெரிந்தால் அம்மாவிடம் சொல்ல வசதியாக இருக்கும். புளியிலும் எலுமிச்சையிலும் உள்ள அமிலம் செம்பின் மேலிருக்கும் பழுப்பு ஆக்சைடைக் கரைத்து, அடியிலுள்ள வெறும் செம்பை இளஞ்சிவப்பாக வெளியே கொண்டுவரும். அந்த நிறம் நாணயச்சாலையிலிருந்து வந்த புதுக்காசின் ஆரஞ்சுச் சிவப்பு இல்லை. பழகிய கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். பித்தளையில் இன்னும் மோசம். அமிலம் துத்தநாகத்தை மட்டும் இழுத்துக்கொண்டு போய், அங்கங்கே செம்புத்திட்டு விட்டுச்செல்லும், அது திரும்பாது. திருநீறு, பற்பசை, பித்தாம்பரி எல்லாம் அரைக்கும் பொடிகள். ஒருமுறை தேய்த்தாலே ஒரே திசையில் ஓடும் மெல்லிய கீறல்கள் விழும். முதலில் தேய்வது காசின் மிக உயர்ந்த இடம்தான். 1911 ரூபாயில் மன்னரின் அங்கிமீதுள்ள சின்ன யானை பன்றிபோல இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து, 1912இல் அச்சை மாற்றினார்கள். தேடி வாங்கப்படும் அந்த 1911 ரூபாயின் மதிப்பே அந்த யானையில்தான் இருக்கிறது. பற்பசை முதலில் கொண்டுபோவதும் அந்த யானையைத்தான்.

அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீர் வைத்தியம் வீடியோக்களில் பிரபலம். இதில் கீறல் விழாது என்பது உண்மை. சல்ஃபைடு திரும்பவும் வெள்ளியாகிறது என்பதும் உண்மை. ஆனால் திரும்பிய வெள்ளி பழைய இடத்தில் பழைய ஒழுங்கில் உட்காராது, நுண்துளைகளோடு பொரிந்து நிற்கும். ஆகவே மங்கலாகவும் இருக்கும், அடுத்த மழைக்காலத்தில் முன்னைவிட வேகமாகவும் கறுக்கும். நகைக்கடைகளில் விற்கும் தயோயூரியா ‘டிப்’ படலத்தோடு சேர்த்து வெள்ளியின் மேல்தோலையும் கரைக்கிறது. இரண்டு மூன்று முறை முக்கினால் ஆரக்கால் சுழற்சி செத்துவிடும். சரியாக அலசாமல் விட்டால் சில மாதத்தில் பழுப்புப் புள்ளிகள் கிளம்பும்.

இப்படி இயற்கையாக நிறமேறிய, அதாவது டோனிங் உள்ள காசுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்பதால் செயற்கையாக நிறமேற்றுகிறவர்களும் வந்துவிட்டார்கள். கந்தகக் களிம்பு, அவித்த முட்டை மஞ்சள்கரு, அடுப்புச் சூடு என்று வழிகள் பல. கண்டுபிடிக்க மூன்று விஷயம் பாருங்கள். வரிசை குலைந்திருக்கிறதா: வெறும் வெள்ளைக்குப் பக்கத்திலேயே திடீரென்று பச்சையோ நீலமோ நின்றால் நடுவில் வரவேண்டிய மஞ்சளும் செம்பழுப்பும் எங்கே போயின? நிறம் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது: நிறத்துக்கு அடியில் தேய்த்த கீறல்கள் ஓடினால், விளக்கிய காசுக்கு மேல்பூச்சு போட்டிருக்கிறார்கள், அல்லது எப்போதோ விளக்கியது தானாக மறுபடி கறுத்திருக்கிறது. பின்னது மோசடி இல்லை, ஆனால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். லஸ்டர் நிறத்தின் ஊடாகத் தெரிகிறதா: நிறம் மட்டும் பளிச்சென்று, சாய்த்தாலும் ஒளி சுழலவில்லை என்றால் சந்தேகப்படுங்கள். சாயம் பூசியதாகத் தோன்றினால், விற்பவர் சம்மதத்தோடு அசிட்டோன் நனைத்த பஞ்சை விளிம்பில் ஒற்றிப்பாருங்கள். சாயம் பஞ்சில் வரும், சல்ஃபைடு வராது. நான் வாங்கச் சொல்வது ஆர்ப்பாட்டமான வானவில்லை அல்ல. சாம்பலும் பொன்னும் கலந்த அமைதியான நிறத்தில், தேய்க்கப்படாத தோலோடு இருக்கும் நடுத்தரக் காசுதான் கண்ணைப் பழக்கும். விலையும் கைக்கடக்கமாக இருக்கும்.

இனி காலணா. இங்கேதான் அவசரம்.

செம்பில் வரும் பச்சை இரண்டு வகை. மண்ணில் கிடந்த காசில் வரும் பச்சை கடினமாக, வழவழப்பாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருக்கும். அது மாலகைட், செம்பு கார்பனேட். அது காசின் மேல் தோலாக உறைந்துவிட்ட படலம், பாட்டினா என்பார்கள். எழுத்துகள் அதன்மேல் கூர்மையாக நிற்கும், அதை எடுத்தால் எழுத்தும் போய்விடும். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைக்கும் பழங்காசுகளில் கரும்பச்சையும் பழுப்புமாக இறுகிய தோலைப் பார்க்கலாம். எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயக் கூடத்துக்கு ஒருமுறை போய், செப்புக் காசுகளின் தோலை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்துவாருங்கள். நல்ல பாட்டினா எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பதிந்துவிடும்.

உங்கள் காலணாவில் இருப்பது இன்னொரு வகை. வெளிர்பச்சை, மாவுபோல உதிர்வது, தொட்டால் விரலில் ஒட்டுவது, துடைத்தாலும் சில நாளில் அதே இடத்தில் திரும்ப முளைப்பது. இதை வெண்கல நோய் என்பார்கள், சுத்தச் செம்பிலும் வரும். உப்பிலிருந்தோ வியர்வையிலிருந்தோ வந்த குளோரைடு செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடாக உள்ளே தங்கியிருக்கும். ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்ததும் அது வெளிர்பச்சைப் பொடியாக மாறி, கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடாகும், சுற்று நிற்காது. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தூங்கும், அதைத் தாண்டினால் விழிக்கும். சென்னையில் கோடையிலும் அதற்கு மேல்தான். காசிமேடு, ராயபுரம், பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்காற்றின் உப்பும் சேர்ந்துகொள்ளும். பொடி பறந்து பக்கத்துக் காசில் விழுந்தாலும் தொந்தரவு. தனியாகப் பிரிக்கச் சொன்னது அதனால்தான்.

சந்தேகமாக இருந்தால் சோதித்துப் பாருங்கள். மூடி இறுகும் சிறு டப்பாவில் நனைத்த பஞ்சு வைத்து, பஞ்சில் படாதபடி ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அதன்மேல் காசை வைத்து 24 முதல் 48 மணி நேரம் மூடிவையுங்கள். புதுப் பச்சைப் புள்ளிகள் முளைத்தால் நோய்தான். முளைக்காவிட்டால் அது வெறும் களிம்பு, விட்டுவிடலாம்.

வைத்தியம் இப்படி. முதலில் எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 1906 வரை அடித்த செப்புக் காலணா 6.47 கிராம், அந்த ஆண்டு வெண்கலத்துக்கு மாறியதிலிருந்து 4.86 கிராம். உங்களுடையது விக்டோரியா, எனவே 6.47இலிருந்து எவ்வளவு குறைந்திருக்கிறதோ அது தேய்மானமும் அரிப்பும் சேர்ந்து கொண்டுபோன அளவு.

முதல் குளியல் அசிட்டோன். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் ஆய்வகத் தரத்தில் கிடைக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் கிண்ணத்தில் காசு மூழ்கும் அளவு ஊற்றிப் பத்து நிமிடம், பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றி மறுபடி பத்து நிமிடம். தேய்க்கக் கூடாது. பால்கனியிலோ ஜன்னலோரத்திலோ செய்யுங்கள், அடுப்பும் சாமி விளக்கும் பக்கத்தில் எரியக் கூடாது. கைப்பிசுக்கு, பழைய பிளாஸ்டிக் உறை விட்ட பச்சைப் பசை எல்லாம் இதிலேயே போய்விடும். பல காசுகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

பிறகு நல்ல வெளிச்சத்தில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து, சீவிய மூங்கில் குச்சியால் பொடியை மட்டும் கிள்ளி எடுங்கள். ஊசி வேண்டாம், எஃகு செம்பைக் கீறிவிடும். பொடிக்கு அடியில் ஒரு குழி தெரியும், அது இனி அப்படியே இருக்கும், நிரப்ப முடியாது.

அடுத்து ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீரில் 50 கிராம் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைத்து, அதில் காசை ஊறவையுங்கள். இது குளோரைடை மெதுவாக வெளியே இழுக்கும். வாரம் ஒருமுறை கரைசலை மாற்றவேண்டும். சில வாரங்களில் முடியலாம், சில மாதங்களும் ஆகலாம், அவசரப்பட்டுப் பயனில்லை. காசின் நிறம் சற்றுக் கருமையாகவோ நீலம் பாய்ந்தோ மாறலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நோயில்லாத காசை இதில் போடாதீர்கள் என்று சொல்வதும் அதனால்தான். காய்ச்சி வடித்த தண்ணீர் பேட்டரிக் கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கேனில் கிடைக்கும். பேட்டரி ஆசிட்டை மாற்றி வாங்கிவிடாதீர்கள், லேபிளைப் படியுங்கள். குடிக்கும் கேன் தண்ணீர், போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் எதுவும் உதவாது. மூன்றிலும் குளோரைடு உண்டு, எதை வெளியேற்றப் பார்க்கிறோமோ அதையே ஊற்றியதாகிவிடும்.

ஊறி முடிந்ததும் வடித்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க வைத்து, நடுவில் இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். பிறகு அசிட்டோனில் ஒரு முக்கு, குழிகளிலுள்ள தண்ணீரை அது இழுத்துவிடும். பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். மறுபடி ஈரச் சோதனை செய்து புள்ளி முளைக்காவிட்டால் நுண்படிக மெழுகு மெல்லியதாக ஒரு பூச்சு. இதற்கு ரெனசான்ஸ் மெழுகு என்ற பெயரில் வருவதை அருங்காட்சியகங்களே பயன்படுத்துகின்றன. ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறவைப்பது பழைய பழக்கம். அதிலுள்ள கொழுப்பமிலம் செம்பைக் கரைத்துப் பாட்டினாவையும் கருக்கிவிடுகிறது, வேண்டாம்.

இருபது காசுக்கு வருவோம். நம் சென்னைக்காகவே அடித்த காசு இது. மதறாஸ் மாகாணத்துக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி 1803இலும் 1808இலும் இங்கிலாந்தில் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரத்தில் அடித்து அனுப்பியது. ஏறக்குறைய 30 மில்லிமீட்டர் அகலம், ஒருபக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னம், மறுபக்கம் பாரசீக எழுத்து. 1808 காசுகள் ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் பீப்பாய் பீப்பாயாக வெளியே எடுத்தார்கள். ஆகவே மதறாஸ் தெருக்களைப் பார்க்காமலே 170 ஆண்டுக்கு மேல் கடலடியில் கிடந்த மதறாஸ் காசுகளும் இன்று சந்தையில் உண்டு.

உங்களுடையது எந்த வகை என்று முகத்தை வைத்தே சொல்லலாம். கை மாறித் தேய்ந்த காசில் மேடுகள் வழவழப்பாக மழுங்கும், பள்ளங்களும் எழுத்தின் அடிப்பகுதியும் தப்பிக்கும். உப்பு அரித்த காசில் மேடு பள்ளம் இரண்டும் ஒரேமாதிரி குழித்து மணல்போலச் சொரசொரக்கும், ஆனால் எழுத்தின் உயரம் அப்படியே இருக்கும். தாத்தாவின் டப்பாவில் இருந்தது என்றால் தேய்ந்த வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மேசை விளக்கைக் காசின் மட்டத்துக்கு இறக்கி, பத்துப் பதினைந்து டிகிரி சாய்வில் ஒளி விழும்படி வைத்து, காசை மட்டும் சுற்றுங்கள். ஒவ்வொரு திசையிலும் ஒவ்வொரு எழுத்து எழும். நான்கு திசையிலும் படம் எடுத்து ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஆண்டும் கிடைக்கலாம். பென்சிலால் தாள்மேல் உரசிப் படியெடுக்காதீர்கள்.

முகம் தெரியாத காசு என்று ஒதுக்குகிறவர்கள் தென்னிந்தியக் காசுகள் பாதியை ஒதுக்கவேண்டியிருக்கும். நாயக்கர் காலச் சிறுகாசுகளில் அச்சு பெரியது, உலோகத்துண்டு சிறியது. உருவத்தில் பாதிதான் விழும், அது அடித்த நாளிலேயே அப்படி. புதுக்கோட்டை அம்மன் காசில் பழைய கையடிக் காசுகளில் அம்மன் ஓரத்துக்கு ஓடியிருப்பாள். 1889 முதல் இங்கிலாந்தில் இயந்திரத்தில் அடித்தவற்றில் நடுவில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பாள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது கையால் அடித்தது என்று சொல்லவே வேண்டாம். மதறாஸ் நாணயச்சாலையின் கோபுரம் போட்ட அரைப் பகோடா வெள்ளிக் காசு ஸ்பானிய டாலர்மேல் அடிக்கப்பட்டது. சிலவற்றில் கோபுரத்துக்கு அடியில் ஸ்பானிய எழுத்து இன்னும் நிழலாடும். அச்சுக்குறை என்று யாராவது அதைக் கழித்துக்கட்டினால், மன்னிக்கவும், அவருக்குப் பார்க்கத் தெரியவில்லை.

ஓட்டை ரூபாயைப் பற்றி. 1862 என்று ஆண்டு போட்ட ரூபாய் 1874 வரை அதே ஆண்டோடு அடிக்கப்பட்டது, அதனால் ஏராளம். விற்க நினைத்தால் ஓட்டை விலையைக் கடுமையாகக் குறைக்கும், கடைக்காரர் சொன்னது அந்த வகையில் சரி. ஆனால் லூப்பை எடுத்து ஓட்டையைப் பாருங்கள். மேல்பக்கம் சற்று நீண்டு, உள்விளிம்பு வழவழப்பாக இருந்தால் கயிறு பல ஆண்டு அங்கே தொங்கி அறுத்திருக்கிறது. காசு தன் எடையால் கீழே இழுக்க, கயிறு ஓட்டையின் மேல்விளிம்பைத் தின்றிருக்கிறது. இரண்டு பக்கத்துத் தேய்மானத்தையும் ஒப்பிடுங்கள். உடம்போடு உரசிய பக்கம் அதிகம் மழுங்கியிருக்கும். ராணி முகம் கூர்மையாக இருந்தால் அதை வெளியே காட்டித்தான் அணிந்திருக்கிறார்கள். பற்றுவைத்த தடம் விளிம்பில் இருந்தாலோ, எழுத்துகளின் இடுக்கில் பொன்முலாம் மிச்சம் இருந்தாலோ காசுமாலை. ஓட்டையை அடைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். அடைப்பு வேறு நிறத்தில் கறுத்துக் காட்டிக்கொடுக்கும், இருந்த வரலாறும் அழியும்.

சராப்புகள் (காசு மாற்றும் வணிகர்கள்) வெள்ளியின் தரம் பார்க்கக் குத்திய சிறு முத்திரைகளும் இதே கணக்கு. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமேல் வேண்டுமென்றே உளிவெட்டு. அந்த வெட்டுதான் அவை இங்கே கைமாறிய விதத்துக்குச் சாட்சி. வெட்டில்லாமல் இருந்திருந்தால் எங்கோ ஐரோப்பாவில் கிடைத்த காசுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

எஸ்டேட் டோக்கனில் ஓட்டை இருந்தால் அது குறை இல்லை, ஆணியில் மாட்டவோ கம்பியில் கோக்கவோ வெளியிட்டபோதே போட்டதாக இருக்கலாம். அப்படிப்பட்ட ஓட்டை எழுத்தைத் தவிர்த்து இடம் பார்த்து விழுந்திருக்கும், உள்விளிம்பும் முகமும் ஒரே நிறத்தில் இருக்கும். பின்னால் துளைத்தது எழுத்தைக் குறுக்கே வெட்டும், ஒருபக்கம் பிசிறு தள்ளியிருக்கும். எண் கையால் குத்தியது என்பதால் ஒவ்வொரு இலக்கமும் வேறுவேறு ஆழத்தில் சாய்ந்து நிற்கும். அந்தப் பள்ளங்களில் படிந்த கருமையால்தான் எண் படிக்கவே முடிகிறது. விளக்கினால் மஞ்சள் தகடு பளபளக்கும், எண் மறையும். அசிட்டோன்கூட இதற்கு வேண்டாம், மேலே பழைய வார்னிஷ் இருந்தால் கரைந்துவிடும். ஈய டோக்கனோ தரங்கம்பாடி டேனிஷ் ஈயக் காசோ பின்னால் சேர்ந்தால், மர அலமாரியிலும் பிளைவுட் பெட்டியிலும் வைக்காதீர்கள். மரம் விடும் அசிட்டிக் அமில ஆவியில் ஈயம் வெள்ளைப் பொடியாகிவிடும், அந்தப் பொடி நஞ்சு.

பாதுகாப்புக்குப் பெரிய செலவில்லை. மெல்லிய, வளைந்து குழையும், புதுப் பிளாஸ்டிக் வாசனை அடிக்கும் ஃபிளிப் (காசு வைக்கும் ஒளிபுகும் உறை) எல்லாம் பி.வி.சி. சென்னைச் சூட்டில் அது சீக்கிரம் அமிலம் விடும், காசில் பச்சைப் பசை ஒட்டும். மொடமொடப்பான மைலார் (பாலியெஸ்டர் தாள்) ஃபிளிப்போ, மைலார் சன்னல் வைத்த 2×2 அட்டை ஹோல்டரோ வாங்குங்கள். ஹோல்டர் பின்களைக் குறட்டால் தட்டையாக அமுக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்த காசைக் கீறும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளிக் காசுகளைக் கட்டிவைத்தால் கறுப்புப் பட்டை விழும். வெல்வெட் டப்பா, செய்தித்தாள், அந்துருண்டை, கற்பூரம் எதுவும் கூடாது. பூஜை அறையில் வைத்த காசில் குங்குமம் ஒட்டியிருந்தால் தேய்க்காமல் அசிட்டோனில் விட்டுப்பாருங்கள்.

ஐந்து லிட்டர் கொள்ளும் காற்றுப்புகாத டப்பா, உள்ளே 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்று போதும். அளவு 40ஐத் தாண்டினால் ஜெல்லைத் தட்டில் பரப்பி 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் காயவைத்து மறுபடி போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பார்க்கவேண்டியிருக்கும். டப்பாவைக் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளம் போல் ஒன்று வந்து ஹோல்டர்கள் நனைந்தால், ஹோல்டரோடு வெயிலில் காயவைக்காமல் அன்றே எல்லாவற்றையும் பிரித்து வடித்த தண்ணீரில் அலசி, அசிட்டோனில் முக்கி உலர்த்துங்கள்.

ரூபாயை என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். போன்ற வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் தரம் பிரிக்க அனுப்பலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டைக் கடந்த நாணயம் தொல்பொருள், அதை நாமாக நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் ரூபாய் இரண்டும், காலணாவும், இருபது காசும் அதில் அடங்கும். இவற்றுக்கு அந்தத் தரச்சீட்டு தேவையும் இல்லை.

அதற்குப் பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு நீங்களே எழுதுங்கள், அமிலமில்லாத தாளில், பென்சிலால். காலணாவுக்கு இப்படி: ‘விக்டோரியா காலணா, செம்பு. எடை இத்தனை கிராம், இந்தத் தேதியில். விளிம்பில் வெண்கல நோய். அசிட்டோன், செஸ்குவிகார்பனேட், மெழுகு. தாத்தாவின் தகர டப்பாவிலிருந்து.’ கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறையும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் லூப்பில் பார்த்து, பச்சை முளைத்ததா இல்லையா என்று தேதியோடு அதில் குறித்துவாருங்கள். ஒரு வடகிழக்குப் பருவமழை முழுக்கப் புள்ளி முளைக்காமல் தாண்டிவிட்டால், அதை மற்ற நான்கோடும் சேர்த்து வைக்கலாம்.